நான்கு புறமும் மதில்

லா சொசே, மெல் அருகில்
4 மார்ச் 2022

அன்புள்ள நோயெமிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நூமெயாவில் இப்போது கோடை முடிகிற சமயமாக இருக்க வேண்டும். நேற்று என் பழைய வகுப்பறைப் பூகோள உருண்டையை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். இந்த வீட்டிலிருந்து உன்னைவிடத் தூரமாக ஒருவரால் போக முடியாது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் திரும்பி வர ஆரம்பித்திருப்பாய்.

வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை என்பது நம் வழக்கம். அதை மீறி மார்ச்சில் எழுதுகிறேனே என்று பயப்படாதே. யாரும் சாகவில்லை. வீட்டை விற்கப் போகிறேன். விற்கப் போகிறோம் என்று எழுதுவதுதான் சரி. அம்மா போனதிலிருந்து பாதி வீடு உன்னுடையது. எந்தப் பாதி என்று சட்டம் சொல்லவில்லை. ஒழுகுகிற பாதி என்னுடையது என்று வைத்துக்கொண்டு பதினொரு வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது உன் பாதியும் ஒழுகுகிறது.

கூரை ஒரு காரணம். மற்றொரு காரணம் புவாத்தியேவில் இருக்கும் ஒரு டாக்டர். என் உள்ளுறுப்புகளைப் பல கோணங்களில் படம் எடுத்தார். பிறகு மிகவும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். டாக்டர்கள் மரியாதையாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அதே வாரத்தில் வீட்டின் பரிசோதனை அறிக்கையும் வந்தது. இப்போதெல்லாம் வீட்டை விற்பதென்றால் அதன் வியாதிகளை எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். சாயத்தில் ஈயம், உத்தரத்தில் கறையான், சாப்பாட்டு அறை மின்கம்பி போருக்கு முந்தையது. அந்த அறிக்கை தொண்ணூற்றிரண்டு பக்கம். என்னுடையது நாலு பக்கம்தான். அந்த வகையில் ஆறுதல்.

விற்பனையைப் பாஸ்கலின் திபோதோ என்ற பெண் கவனிக்கிறாள். வீட்டுத் தரகர். சுறுசுறுப்பானவள், கெட்டவள் இல்லை. விளம்பரம் எழுதிக் காட்டினாள். ‘பதினேழாம் நூற்றாண்டு மாளிகை, காலத்தின் முத்திரையோடு’ என்று ஆரம்பிக்கிறது. காலத்தின் முத்திரை என்று அவள் சொல்வது மாடி அறைச் சுவரில் உள்ள ஈரக் கறையை. ‘புனரமைக்கும் கனவுள்ளவர்களுக்கு’ என்றால் கழிப்பறை ஒன்றுதான் இருக்கிறது என்று பொருள். இதெல்லாம் அவள் தொழில், நான் தலையிடவில்லை. கடைசி வரியில் மட்டும் தலையிட்டேன். ‘மூன்று ஏக்கர் தோட்டம், நான்கு புறமும் ஆள் உயர மதில், சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு மிகவும் பாதுகாப்பானது’ என்று இருந்தது. அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். “என்ன சார் இது, இந்த வீட்டுல பொய் கலக்காம நான் எழுதின ஒரே வரி அதுதான், அதைப்போய் எடுக்கச் சொல்றீங்களே” என்று மனம் வருந்திச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரி போய்விட்டது.

பைபிளில் எரிகோவின் மதிலை எக்காளம் ஊதியே விழவைத்தவன் பெயரை எனக்கு வைத்துவிட்டு, மதிலைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார் அப்பா. பார்த்துக்கொண்டேன். தெற்கே ஒரு இடத்தில் நாலு கல் சரிந்தது தவிர எல்லாம் நிற்கிறது. நிற்க வேண்டிய அவசியம் இல்லாத பிறகும் நிற்பதில் நம் குடும்பத்து மதில் குடும்பத்தாரைப் போலவேதான்.

வாங்க வந்தவர்கள் பற்றி உனக்குச் சிரிப்பு வரும்படி எழுத ஆசை. ஒரு டச்சுத் தம்பதி ஒவ்வொரு சுவரையும் விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார்கள். சுவர் என்ன சொன்னதோ, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். ஒரு ஆங்கிலேயர் ஒழுக்கு விழும் அண்டாவைப் பார்த்துக் கண் கலங்கி, இதை இப்படியே விட்டுவிட வேண்டும் என்றார். விட்டுவிடலாம், நீங்கள் வாங்கிக்கொண்ட பிறகு என்றேன். பாரிஸிலிருந்து வந்த அம்மாள் பக்கத்து வீட்டுச் சேவல் எத்தனை மணிக்குக் கூவும் என்று கேட்டாள். ஃபிர்மேன், அவனுக்கு இப்போது எண்பது ஆகப்போகிறது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அது உங்க இஷ்டம்மா, எத்தன மணிக்குக் கூவணும்னு சொல்லிட்டுப் போங்க, எழுதி அது கழுத்துல கட்டிடறேன்” என்றான். அந்த அம்மாளும் திரும்பி வரவில்லை.

இனி எழுத வேண்டியது. நோட்டரி ஃப்ராதேன் கல்லறைகளின் பட்டியல் கேட்கிறார். தோட்டத்தில் யார் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று எழுதித் தராமல் பத்திரம் போட முடியாதாம். அரசர் நம் புராட்டஸ்டன்ட் மதத்தைத் தடை செய்து, கோவில் மண்ணில் இடமில்லை என்று சொன்ன காலத்தில், நம்மவர்கள் தங்கள் செத்தவர்களைச் சொந்தத் தோட்டத்தில் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு சைப்ரஸ் மரம் நட்டார்கள். அரசர் போய், தடையும் போய் இருநூறு வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. அம்மாவுக்கும் அங்கேதான் போக ஆசை. அரசாங்கம் நிலத்தடி நீர் நிபுணர் ஒருவரை அனுப்பியது. அவர் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்து, அம்மா ஒன்பது வருடத்தில் கிணற்றுக்கு வந்துவிடுவாள் என்று எழுதிக் கொடுத்தார். அம்மாவைத் தெரிந்த யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. அதனால் ஊர்க் கல்லறையில் அப்பா பக்கத்தில் இருக்கிறாள்.

பட்டியல் எழுதினேன். 1741 முதல் 1868 வரை ஆறு பேர். ஏழாவது, மதிலின் வடக்குக் கதவிலிருந்து இருபது அடியில், சைப்ரஸ் நிழலில், லிடி, உன் மகள், மூன்று வயது இரண்டு மாதம், 1984. முப்பத்தெட்டு வருடத்தில் அந்தப் பெயரை இன்றுதான் முதல்முறையாக எழுதினேன். கையெழுத்து நன்றாக வரவில்லை.

ஃப்ராதேன் சொன்ன ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லியாக வேண்டும். வீட்டை விற்கலாம், கல்லறையை விற்க முடியாது. யார் வாங்கினாலும் செத்தவரின் சொந்தக்காரர்கள் உள்ளே வந்து போக உரிமை உண்டு. நூறு வருடம் வராமல் இருந்தாலும் அந்த உரிமை காலாவதி ஆவதில்லை. அவர் இதை ஒரு தொல்லை என்ற தொனியில் சொன்னார். நான் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

விற்பனைக்கு உன் சம்மதம் மட்டும் எழுதி அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஜோசுவே


லா சொசே
28 ஏப்ரல் 2022

அன்புள்ள நோயெமிக்கு,

உன் அட்டை கிடைத்தது. ‘சம்மதம்’ என்ற ஒரு சொல்லை இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறாய். அஞ்சல்தலை அழகாக இருந்தது. ஏதோ ஒரு பறவை.

வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. பெயர் கெரினோ, போர்தோ நகரத்துக்காரர், நாற்பது வயது, வெறும் காலோடு நடக்கிறார். அறிமுகமான நாலாவது நிமிடத்தில் என்னை ஜோசுவே என்று கூப்பிட்டார். தொழில் மௌனம். களைத்துப்போன நகரத்துப் பணக்காரர்களை ஐந்து நாள் ஒரு இடத்தில் பேசாமல் உட்காரவைப்பார், அதற்கு அவர்கள் கட்டணம் கொடுப்பார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் பல வருடம் இதை இலவசமாகச் செய்தோம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதுவும் மௌனம்தான்.

அவருக்கு மதில் மிகவும் பிடித்துவிட்டது. கன்னத்தை வைத்துப் பார்த்தார். கூரை ஒழுகுவதைக் காட்டினேன், தண்ணீரின் ஓசை என்றார். கறையானைக் காட்டினேன், எல்லாம் நிலையற்றது என்றார். இப்படி ஒரு வாங்குபவர் தன் வாழ்நாளில் வந்ததில்லை என்று பாஸ்கலின் என் காதில் சொன்னாள்.

பிறகு கல்லறைகளுக்கு வந்தோம். ஆறு பழைய கற்களின் முன்னால் கெரினோ கை கூப்பி நின்றார். இவை இருக்கட்டும், தன் விளம்பரப் புத்தகத்தில் படம் போடலாம் என்றார். அடுத்து ஏழாவது கல்லைப் பார்த்தார். தேதியைப் படித்தார். வயதைக் கணக்குப் போட்டார். “ஜோசுவே, தப்பா எடுத்துக்காதீங்க, இது கொஞ்சம் கஷ்டம். வர்றவங்க மனசு லேசாகணும்னு வர்றாங்க. அவங்க முன்னாடி ஒரு சின்னக் குழந்தை...” என்று இழுத்தார். அவர்களும் செத்தவர்கள்தானே என்று ஆறு கற்களைக் காட்டினேன். “அது பாரம்பரியம். இது வேற” என்றார். எத்தனை வருடத்தில் சாவு பாரம்பரியம் ஆகும் என்று கேட்டேன். ஒரு சரித்திர ஆசிரியனுக்கு இது நியாயமான சந்தேகம். அவர் யோசித்துவிட்டு, “நூறு வருஷம் போதும்னு நினைக்கிறேன்” என்றார். ஆக, அறுபத்திரண்டு வருடம் குறைகிறது.

அந்த ஒரு கல்லையும் அதன் கீழே உள்ளதையும் ஊர்க் கல்லறைக்கு மாற்றிக் கொடுத்தால் கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். இல்லையென்றால் வேண்டாமாம். செலவு அவருடையது. “பாட்டி தாத்தா பக்கத்துலதானே சார் போகுது குழந்தை, யோசிச்சுப் பாருங்க, அதுவும் நல்லதுதானே” என்றாள் பாஸ்கலின். அவள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள்.

தோண்டி எடுக்க மனுப் போட யாருக்கு உரிமை என்று ஃப்ராதேனைக் கேட்டேன். மிக நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் என்றார். நான் தாய்மாமன், இத்தனை வருடம் அந்தக் கல்லின் பாசியைச் சுரண்டுகிறவன். “அதெல்லாம் கணக்குல வராதுங்க. தாய் கையெழுத்துப் போடணும்” என்றார். குழந்தையின் அப்பா பஸ்தியேன் இருந்தால் அவனும் போட வேண்டுமாம், இறந்துவிட்டதால் நீ மட்டும் போதும். படிவம் இத்துடன் இருக்கிறது. இரண்டாவது பக்கத்தில், பென்சிலால் குறி போட்ட இடத்தில்.

போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. ஜூலை பதினொன்றாம் தேதி என்னைப் புவாத்தியே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அதற்குள் முடிந்தால் வசதி என்று பாஸ்கலின் சொல்கிறாள். வசதி என்ற சொல்லை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. கெரினோ வடக்குக் கதவைத் திறக்கச் சொன்னார். அவருடைய ஆட்கள் அந்த வழியாக வெளியே போய், பழைய சலவைக் குளத்தின் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டுமாம். அந்தக் குளத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, பாஸ்கலின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். லிடி போன மறுநாள் அப்பா அறைந்த பலகைகள் இன்னும் கதவின் குறுக்கே அப்படியே இருக்கின்றன, மேலே ஐவிக் கொடி படர்ந்து கதவு இருப்பதே தெரியவில்லை. சாவி எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். கொடி வெட்ட வந்திருந்த ஃபிர்மேன் அரிவாளைத் தாழ்த்திவிட்டு, “ஆமா ஆமா, தொலைஞ்சுபோச்சு. வாத்தியாரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன” என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தான்.

அவனுக்கு வயதாகிவிட்டது. எதையாவது சொல்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள். இறைவன் காப்பாற்றட்டும்.

உன் அண்ணன்,
ஜோசுவே


லா சொசே
9 ஜூன் 2022

நோயெமிக்கு,

இன்று என்ன தேதி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படிவம் ஐந்து நாள் முன்பு வந்தது. பென்சில் குறி போட்ட இடத்தில் சரியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கூடவே ஒரு சீட்டு. ‘கதவைப் பூட்ட மறந்தவளுக்குக் கல் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் தகுதி இல்லை. எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வை.’

ஐந்து நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். எத்தனையோ விதமாக இந்தக் கடிதத்தை ஆரம்பித்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாக எழுதப்பட்டிருந்தன, அதனால் கிழித்துப் போட்டேன்.

நீ மறக்கவில்லை. முந்தின நாள் மாலை அவரைக்காய் பறித்துக்கொண்டு உள்ளே வந்து, கதவைப் பூட்டி, சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினாய். உனக்கு அது ஞாபகம் இருந்தது. எல்லோரிடமும் சொன்னாய். ஆணியில் அந்தச் சாவி இருந்தது, நோயெமி. காலை ஐந்து மணிக்கு அதை நான் எடுத்தேன்.

காரணம் ஆற்று இறால். வேறு ஒன்றும் இல்லை. பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கலாமே என்று இத்தனை வருடம் தேடிப் பார்த்துவிட்டேன். ஆற்று இறால் பிடிக்கத் தடையுள்ள மாதம் அது. முந்தின இரவே வளைய வலைகளைப் போட்டு வைத்திருந்தேன். அந்த வருடம்தான் எனக்கு மெல் பள்ளியில் வேலை நிரந்தரமானது. முன்வாசல் வழியாகப் போனால் சாலையில் யார் கண்ணிலாவது படும், வரலாற்று ஆசிரியர் திருட்டு இறால் பிடிக்கிறார் என்று பேச்சு வரும். அதனால் வடக்குக் கதவு. இரண்டு கையிலும் வாளியும் கம்பும், தோளில் கூடை. வெளியே வந்ததும் கதவை முழங்காலால் தள்ளினேன். பூட்டவில்லை. வரும்போதும் அதே வழியாகத்தானே வரப்போகிறேன் என்று நினைத்தேன். சாவியைக் கூடைக்குள் போட்டேன்.

இருபத்து மூன்று கிடைத்தது. வழியில் ஃபிர்மேன் தன் வண்டியில் வந்தான், ஏறிக்கொள் என்றான், முன்வாசலில் இறக்கிவிட்டான். அப்போது மணி எட்டரை. வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

லிடி தினமும் தனியாகத்தான் தோட்டத்துக்குப் போவாள். யாரும் கவலைப்பட்டதில்லை. நான்கு புறமும் மதில் இருந்தது.

சமையலறையில் நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். உன் மடியில் அவள். உடை ஈரம். அம்மா ஆணியைப் பார்த்தாள். சாவி எங்கே என்றாள். ஆணியில்தான் மாட்டினேன் என்று நீ சொன்னாய். “அப்போ சாவிக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?” என்றாள் அம்மா. உன் சமையல் ஏப்ரன் பையில் கைவிட்டுத் தேடினாள், பஸ்தியேன் உன் படுக்கையைப் புரட்டித் தேடினான். நான் வாசற்படியில் நின்றேன். கூடை என் தோளில் இருந்தது.

அடக்கம் முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்தது. பாதிரியார் போகட்டும் என்று நினைத்தேன். போனார். நீ கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தேன். அதற்குள், ஒருவேளை மாட்டவில்லையோ, ஒருவேளை குழம்புகிறேனோ என்று நீயே சொல்ல ஆரம்பித்துவிட்டாய். ஆகஸ்டில், ஆமாம் நான்தான் மறந்துவிட்டேன் என்றாய். அந்த மாதமே பஸ்தியேன் உன்னை விட்டுப் போய்விட்டான். அக்டோபரில் நீயும் விமானம் ஏறினாய். விமான நிலையம் வரை உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்தான். கனமாக இருக்கிறதா என்று கேட்டாய். இல்லை என்றேன்.

முப்பத்தாறு வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். ஆதாரத்தை மறைப்பவன் பொய் சொல்பவனைவிட மோசமானவன் என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்வேன். தேர்விலும் கேட்டிருக்கிறேன். தெளிவாக எழுதிய மாணவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

அந்த இறால்களை என்ன செய்தேன் என்று நீ கேட்க மாட்டாய், ஆனாலும் எழுதிவிடுகிறேன். வாளி ஃபிர்மேன் வண்டியிலேயே இருந்தது. அன்று மாலை ஆற்றுக்குப் போய் ஒவ்வொன்றாகத் திரும்ப விட்டேன். இருபத்து மூன்றும் உயிரோடு இருந்தன.

ஃபிர்மேனுக்குத் தெரியும். நான் கேட்டுப் பார்த்ததில்லை, நேற்றுத்தான் போய்க் கேட்டேன். அவன் வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீங்க எந்தக் கதவு வழியா வெளியில வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா வாத்தியாரே? ஆத்துப் பக்கத்துல ஈரக் காலோட நின்னீங்க, கூடையில சாவி கலகலங்குது. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வருஷம் பாத்தேன், ரெண்டு வருஷம் பாத்தேன். அப்புறம் வாழ்க்கை போயிடுச்சு” என்றான். நீயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. அவன் பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “உங்க வீட்டு மதில் உசரம்ங்க. உள்ள நடக்கறதுல நாங்க தலையிடறது கிடையாது” என்றான்.

பிறகு நோட்டரியிடம் போனேன். ஒருவர் பொய்யான தகவலை நம்பிப் போட்ட கையெழுத்து செல்லுமா என்று கேட்டேன். செல்லாது என்றார். பொய்யான தகவலை நம்பி வாழ்ந்த வாழ்க்கை செல்லுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது என் அலுவலகத்துல வராதுங்க” என்றார். நேர்மையான மனிதர்.

எனவே உன் படிவத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். கிழிக்கத்தான் தோன்றியது. கிழிக்கவில்லை. உனக்குப் பதிலாக ஒருமுறை நான் தீர்மானித்ததே போதும். நடந்தது இன்னதென்று தெரிந்த பிறகும் அவளை மாற்ற வேண்டும் என்று நீ நினைத்தால் மறுபடி அனுப்பு. இங்கேயே இருக்கட்டும் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். உன்னிடமிருந்து எழுத்து வராமல் மண்ணில் கை வைக்கக் கூடாது என்று ஃப்ராதேனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஏதாவது ஆனாலும் அது நிற்கும். என்ன காரணம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு முன்னால் அவர் கேட்டுவிட்டார், அதற்கும் மன்னிக்க வேண்டும். அவரிடம் சொல்லிப் பழகிக்கொண்டால்தான் உனக்கு எழுத வரும் என்று தோன்றியது.

கெரினோவிடம், முடிவு என் தங்கையுடையது, அவள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வாள் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார். இந்த இடத்தில் ஏதோ பேசப்படாமல் இருப்பதாகத் தனக்குத் தோன்றியது என்றாராம். மௌன வியாபாரிக்கு அது தெரிந்திருக்கிறது, அந்த அளவில் அவர் தொழில் தெரிந்தவர்தான். பாஸ்கலின் வந்து உட்கார்ந்து அழுதாள். அவளுக்கும் சொன்னேன். அழுகையை நிறுத்தினாள். “அந்த விளம்பர வரி...” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. போகும்போது எனக்குக் கை கொடுக்கவில்லை. அது சரிதான்.

வீடு மறுபடி விற்பனைக்கு இருக்கிறது. கறையான், ஈயம், ஏழு கல்லறை, எல்லாம் விளம்பரத்திலேயே போடச் சொல்லிவிட்டேன். நான் மருத்துவமனையிலிருந்து திரும்பாவிட்டால் முழு வீடும் உன்னுடையது. வாங்குபவன் எவனாக இருந்தாலும் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: லிடியின் தாய் எந்த நாளிலும் எந்த நேரத்திலும், முன்னறிவிப்பு இல்லாமல், யார் அனுமதியும் கேட்காமல், வடக்குக் கதவு வழியாக உள்ளே வரலாம். முன்வாசல் போதாதா என்று ஃப்ராதேன் கேட்டார். போதாது என்றேன். அந்த வீட்டுக்குள் நுழைந்து அந்தச் சமையலறையைத் தாண்டித்தான் அவளிடம் போக வேண்டும் என்று இருந்தால் நீ வர மாட்டாய். வடக்கே வந்தால் இருபது அடிதான். குளத்தைப் பற்றிக் கவலைப்படாதே. அது போன வாரம் மூடியாயிற்று. அதற்குப் பஞ்சாயத்தின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். மனு போட்டிருக்கிறேன், ஆனால் மண் கொட்டிய பிறகுதான் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த இரண்டாவது சட்ட மீறல். முதலாவது உனக்கு இப்போது தெரியும்.

ஃபிர்மேனும் நானும் சேர்ந்து அப்பாவின் பலகைகளைப் பிடுங்கினோம். ஆணி ஒவ்வொன்றும் என் விரல் நீளம். அப்பா எவ்வளவு ஓங்கி அடித்திருக்கிறார் என்று ஃபிர்மேன் சொன்னான். கீலுக்கு எண்ணெய் விட்டோம், துருவைச் சுரண்டினோம். முப்பத்தெட்டு வருடம் என் மேஜை இழுப்பறையில், பழைய கூடைத் துணியில் சுற்றி வைத்திருந்த சாவியைப் பூட்டில் போட்டேன். முதல் திருப்பிலேயே சுற்றியது.

அந்தச் சாவியை இந்தப் பெட்டியில் அனுப்புகிறேன். அஞ்சலகத்தில் உள்ளே இருப்பது என்ன என்று எழுதச் சொன்னார்கள். பழைய இரும்பு என்று எழுதியிருக்கிறேன். வேறு பிரதி செய்யவில்லை. நானும் வைத்துக்கொள்ளவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். அது உன்னிடம் இன்னொரு வேலையைச் சுமத்துவது மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். என்னைப் பார்க்க வர வேண்டாம். ஜூலைக்குப் பிறகு பெரும்பாலும் நான் இருக்கமாட்டேன், யாரையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்று பயப்படாமல் வரலாம். சைப்ரஸ் நன்றாக வளர்ந்திருக்கிறது. கல்லில் இந்த வசந்தத்தில் பாசி ஏறவில்லை. பெயர் தெளிவாகப் படிக்கலாம்.

இத்தனை வருடம் நீ சுமந்தது உன்னுடையது அல்ல. அதை இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போக ஒருமுறையாவது வா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அண்ணன் என்று கையெழுத்திட இனி உன் அனுமதி வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜோசுவே

பி.கு. கதவைப் பூட்டிய பிறகுதான் சாவியைப் பெட்டியில் வைத்தேன். பூட்டியிருக்கிறது. இழுத்துப் பார்த்தேன். திரும்பப் போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.